மெட்டு யாருடையது?

ஜாஸ் ரிக்கார்டுகளின் லேபிளில் பாட்டுக்குக் கீழே அச்சாகியிருக்கும் பெயரை நம்பலாமா? பழைய தட்டுகளையும் டேப் பெட்டிகளையும் துழாவுகிறவர்கள் சொல்வது வேறு கதை.

நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இருக்கிறது வுட்லான் கல்லறைத் தோட்டம். டியூக் எலிங்டன் உறங்கும் இடத்துக்கு அருகில் பளபளக்கும் கறுப்புக் கல் ஒன்று. அதில் ஒரு டிரம்பெட்டின் உருவம், 'சர் மைல்ஸ் டேவிஸ்' என்ற பெயர், கூடவே ஒரு வரி ஸ்வரக் குறிப்பு. 'சோலார்' என்ற மெட்டின் தொடக்கம் அது. உலகில் எந்த மூலையில் ஜாஸ் கற்றுக்கொள்ளப் போனாலும் முதல் சில மாதங்களிலேயே கைக்கு வந்துசேரும் மெட்டு. 1991-ல் மறைந்த டேவிஸின் பெயருக்குப் பக்கத்தில் கல்லிலேயே வெட்டிவைக்கப்பட்டுவிட்டதால் அது யாருடையது என்று கேட்கவே தோன்றாது.

ஆனால் கேட்டார்கள். சக் வேய்ன் என்ற கிடார் கலைஞரின் நண்பர்களும் மாணவர்களும், அது அவர் போட்ட மெட்டு என்று நெடுங்காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜாஸ் வட்டாரத்தில் இப்படிப்பட்ட பேச்சுகளுக்குப் பஞ்சமே கிடையாது. 'அந்த மெட்டு என்னுடையது, அவன் அடித்துக்கொண்டு போய்விட்டான்' என்று சொல்லாத வாத்தியக்காரரைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். ஆகவே யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1997-ல் வேய்ன் இறந்துபோனார்.

அவருடைய சேகரிப்பு பின்னர் வாஷிங்டனிலுள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்கு வந்துசேர்ந்தது. அங்கே இசைப் பிரிவில் பணியாற்றிய லாரி ஆப்பல்பாம், அதிலிருந்த ஒரு பழைய ஒலிப்பதிவைப் பற்றி 2012-ல் எழுதினார். 1946-ல் ஓக்லஹாமா நகரில் சில வாத்தியக்காரர்கள் கூடி வாசித்தபோது பதிவானது அது. வேய்னும் டிரம்பெட் கலைஞர் சன்னி பெர்மனும் அப்போது வுடி ஹெர்மனின் இசைக்குழுவில் இருந்தார்கள். பதிவிலிருந்த மெட்டின் பெயர் 'சன்னி'. கேட்டவர்களுக்குச் சந்தேகமே எழவில்லை. அதுதான் 'சோலார்'.

டேவிஸ் அதைப் பதிவு செய்தது 1954 ஏப்ரல் 3-ந் தேதி. எட்டு வருட இடைவெளி. 'சன்னி' கடைகளுக்கு வராத தனிப்பதிவு. பெர்மன் 1947 ஜனவரியில், 21 வயதிலேயே இறந்துவிட்டார். தன் பெயரைத் தாங்கிய மெட்டு வேறு பெயரில் உலகைச் சுற்றப்போவது தெரியாமலே.

இதை வெறும் திருட்டு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஜாஸின் நடைமுறை தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லத் தயங்குவார்கள். அன்றைய நியூயார்க் கிளப்புகளில் மெட்டுகள் காதுவழியே கைமாறின. யாரோ வாசித்ததை மற்றொருவர் பிடித்துக்கொண்டு, ஒரு ஸ்வரத்தை மாற்றி, வேகத்தைக் கூட்டிக் குறைத்து வாசிப்பார். யார் முதலில் வாசித்தது என்பது வாசிக்கும்போது யாருக்கும் முக்கியமில்லை. முக்கியமாவது ஸ்டுடியோவில், லேபிள் அச்சாகும் நேரத்தில். அங்கேதான் காசு நுழைகிறது.

அமெரிக்காவின் 1909-ம் வருடச் சட்டம் ரிக்கார்டில் இடம்பெறும் ஒவ்வொரு பாட்டுக்கும், விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும், மெட்டின் உரிமையாளருக்கு இரண்டு சென்ட் என்று நிர்ணயித்தது. 1977 முடியும்வரை அந்தத் தொகை மாறவே இல்லை. இரண்டு சென்ட் அற்பமாகத் தோன்றலாம். ஒரு லட்சம் தட்டு விற்றால் இரண்டாயிரம் டாலர். அதைவிட முக்கியம், வாத்தியம் வாசித்தவருக்கு அன்றைய கூலியோடு கணக்கு முடிந்துவிடும். மெட்டுக்காரருக்கு அது வருடா வருடம் வரும். இறந்தபிறகு வாரிசுக்கும் வரும். ஒரே தட்டின் பின்பக்கத்தில், யாரும் கேட்காத பாட்டைப் போட்டவருக்கும் முன்பக்கத்து ஹிட் பாட்டுக்காரருக்குச் சமமான பங்கு. ஆகவே கம்பெனி முதலாளிகள், மேலாளர்கள், பதிப்பாளர்கள் எல்லாருக்கும் திடீரென்று இசை ஞானம் பிறந்தது.

சட்டத்தில் இன்னொரு வினோதமும் இருந்தது. பியானோ சுருள் போன்ற இயந்திரப் பதிவு ஒரு இசைப் படைப்பின் 'பிரதி' ஆகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-ல் சொல்லிவிட்டது. எனவே மெட்டைப் பதிவு செய்ய வேண்டுமென்றால் ஸ்வரமாகக் காகிதத்தில் எழுதி வாஷிங்டனுக்கு அனுப்ப வேண்டும். வாசித்துப் பதிவு செய்த ரிக்கார்டை அனுப்பினால் செல்லாது. காகிதம் யாரிடம் இருந்ததோ மெட்டும் அவருடையதாயிற்று.

சோலார் இடம்பெற்ற 'வாக்கின்' என்ற நெடுந்தட்டையே எடுத்துக்கொள்ளலாம். 1954 ஏப்ரலில் பதிவான இசையை வைத்து பிரஸ்டீஜ் கம்பெனி 1957-ல் வெளியிட்டது. மொத்தம் ஐந்து பாட்டுகள். இரண்டு ஏற்கெனவே பிரபலமான பாடல்கள். மீதி மூன்றும் வாத்தியக்காரர்களின் சொந்த மெட்டுகள். மூன்றிலும் பெயர்க் கதை உண்டு!

தலைப்புப் பாட்டான 'வாக்கின்' ரிச்சர்ட் கார்ப்பெண்டர் இயற்றியது என்கிறது லேபிள். கார்ப்பெண்டர் வாத்தியக்காரர் அல்ல, கலைஞர்களின் மேலாளர். சாக்ஸபோன் கலைஞர் ஜீன் அம்மன்ஸ் அவரிடம் இருந்தார். அம்மன்ஸ் 1950-ல் 'கிரேவி' என்று பதிவு செய்த மெட்டுதான் நான்கு வருடம் கழித்து 'வாக்கின்' ஆயிற்று. உண்மையில் எழுதியவர் ஜிம்மி மண்டி என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து. மூன்றாவதான 'புளூ அண்ட் பூகி'யில் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு சேர்த்து ஃபிராங்க் பாப்பரெல்லி என்ற பியானோ கலைஞரின் பெயரும் இருக்கிறது. கில்லெஸ்பியின் புகழ்பெற்ற 'எ நைட் இன் டுனீசியா'விலும் இதே பாப்பரெல்லி உண்டு. அந்த மெட்டில் அவருக்குப் பங்கே கிடையாது, தனக்கு ஸ்வரம் எழுதித் தந்த வேலைக்குக் கைம்மாறாகப் பெயரைச் சேர்த்துவிட்டேன் என்று கில்லெஸ்பி பின்னாளில் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் 'புளூ அண்ட் பூகி'யை கில்லெஸ்பி 1945-ல் முதலில் பதிவு செய்தபோது கிடார் வாசித்தவர் சக் வேய்ன். பின்னாளில் அதே பாட்டு வந்த தட்டில் வேய்னின் சொந்த மெட்டும் இருந்தது. அவர் பெயர் மட்டும் இல்லை.

டேவிஸ் மீது இந்தப் புகார் வேறு மெட்டுகளுக்கும் உண்டு. 'ஃபோர்', 'டியூன் அப்' இரண்டும் எடி வின்சனுடையவை என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விஷயம். 1959-ல் வந்த 'கைண்ட் ஆஃப் புளூ' தட்டின் 'புளூ இன் கிரீன்' தன்னுடையது என்று பில் எவான்ஸ் சொல்லிவந்தார். அதே வருடம் அவர் தன் சொந்தத் தட்டுக்காக அதைப் பதிவு செய்தபோது டேவிஸ்–எவான்ஸ் என்று இருவர் பெயரும் போட்டுக்கொண்டார்.

ஆனால் டேவிஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நியாயமல்ல. அவரும் இழந்திருக்கிறார். 1947 மே மாதம் சவாய் கம்பெனிக்காகப் பதிவான 'டோனா லீ', லேபிள்படி சார்லி பார்க்கருடையது. பார்க்கரின் ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடுகிற மெட்டு. தான் எழுதியதற்குக் கம்பெனி தவறாகப் பெயர் போட்டுவிட்டது என்று டேவிஸ் தன் சுயசரிதையில் குறிப்பிடுகிறார். ஏற்பாட்டாளர் கில் எவான்ஸ் அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டு டேவிஸைத் தேடி வந்ததிலிருந்துதான் இருவரின் நட்பே தொடங்கியது. லேபிளை மட்டும் எவான்ஸ் நம்பியிருந்தால் பார்க்கரிடம் போயிருப்பார்.

இந்தக் குழப்பத்தைத் தெளிவிக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் ஆரம்பித்தவர்கள் ரிக்கார்டு பைத்தியங்கள். பாரிஸில் இருந்த சார்ல் தெலோனே 1936-ல் ஜாஸ் ரிக்கார்டுகளுக்கென்று ஒரு பட்டியல் நூலை வெளியிட்டார். எந்தத் தட்டில் யார், என்ன வாத்தியம், எந்தத் தேதி, எந்த ஊர் என்பதே அதில் விஷயம். பின்னால் பிரிட்டனின் பிரையன் ரஸ்ட், 1942 வரையிலான ஜாஸ் தட்டுகளுக்கு ஒரு பெரும் பட்டியலைத் தயாரித்தார். 1992 முதல் டாம் லார்டின் தொகுதிகள் வரிசையாக வந்தன. டெலிபோன் டைரக்டரிபோல வறண்ட புத்தகங்கள்தான். ஆனால் வழக்கு என்று வந்தால் இவைதான் சாட்சி.

அவர்கள் நம்புவது லேபிளை அல்ல. தட்டில் பள்ளம் முடிந்து லேபிள் தொடங்குவதற்கு இடையே வெற்றிடம் இருக்கும். அதில் சிறிய எண் பொறிக்கப்பட்டிருக்கும். மேட்ரிக்ஸ் எண் என்பார்கள். ஒரு அமர்வில் பதிவானவை அநேகமாக அடுத்தடுத்த எண்களைப் பெறும். லேபிளில் என்ன பெயர் ஒட்டினாலும் இந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். காட்டிக்கொடுக்க நிறைய இருந்தது. வேறு கம்பெனியோடு ஒப்பந்தத்தில் இருந்த பார்க்கர் 1953-ல் டொரண்டோவின் மாஸி ஹாலில் வாசித்த கச்சேரி, தட்டாக வந்தபோது அவர் 'சார்லி சான்'. சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லி 1958-ல் ஒரு தட்டில் 'பக்ஷாட் லா ஃபங்க்' என்ற பெயரில் ஒளிந்துகொண்டார். கேனன்பால் என்றால் பீரங்கிக் குண்டு. பக்ஷாட் துப்பாக்கி ரவை. ஒளிந்துகொள்வதிலும் ஒரு குறும்பு.

இன்னொரு தடயம் வாஷிங்டனுக்குப் போன அந்தக் காகிதங்கள். லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'கார்னெட் சாப் சூயி' 1926 பிப்ரவரியில் பதிவானது. ஸ்டுடியோவில் அப்போதைக்கு அப்போது கற்பனையில் பொங்கி வந்ததாக ரசிகர்கள் நினைத்திருந்த பகுதிகள் உண்டு. ஆனால் 1924 ஜனவரியிலேயே ஆம்ஸ்ட்ராங் தன் கைப்பட ஸ்வரம் எழுதிப் பதிப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பிய தாள் கிடைத்தது. ஜாஸ் என்றாலே மனோதர்மம் என்ற நினைப்பைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்த தாள் அது.

கையெழுத்தே சாட்சியான வழக்கும் உண்டு. எலிங்டனும் பில்லி ஸ்ட்ரேஹார்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் சேர்ந்து வேலை செய்தார்கள். எலிங்டன் பெயரில் உலகம் அறிந்த பலவற்றில் ஸ்ட்ரேஹார்னின் கை எவ்வளவு என்பது புதிராகவே இருந்தது. தற்செயலாக ஸ்ட்ரேஹார்னுக்கு ஒரு வாய்ப்பு வந்தது 1941-ல். இசையமைப்பாளர் சங்கத்துக்கும் ரேடியோ நிலையங்களுக்கும் தகராறு. சங்க உறுப்பினரான எலிங்டனின் மெட்டுகளை ரேடியோவில் வாசிக்க முடியாது. உறுப்பினராக இல்லாத ஸ்ட்ரேஹார்ன் அவசர அவசரமாக எழுத, அவருடைய 'டேக் தி ஏ டிரெயின்' குழுவின் அடையாள இசையாகவே ஆகிவிட்டது. மற்றவை? ஸ்ட்ரேஹார்ன் 1967-ல் இறந்தார். எலிங்டனின் காகிதங்கள் 1988-ல் ஸ்மித்ஸோனியன் நிறுவனத்துக்கு வந்தபிறகு, ஹாலந்து ஆய்வாளர் வால்டர் வான் டெ லூர் இருவர் கையெழுத்துப் பிரதிகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். முடிவுகள் 2002-ல் புத்தகமாக வந்தன. எது யார் எழுதியது என்பது பல இடங்களில் முதன்முறையாகத் தெளிவாயிற்று. ஏட்டுச்சுவடிகளைப் பக்கத்தில் வைத்துப் பாடபேதம் பார்த்த நம் பதிப்பாசிரியர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது. பாட்டு கிடைத்து, பாடியவர் பெயர் கிடைக்காதபோது பாட்டில் வரும் தொடரையே பெயராக்கி 'செம்புலப்பெயனீரார்' என்று வைத்தது நம் மரபு. குறைந்தபட்சம் வேறொருவர் பெயரைப் போடவில்லை.

பெயர்களுக்கு முன்னால் பதிவுகளே கிடைக்க வேண்டுமே! ஜாஸின் மிக முக்கியமான இரண்டு வருடங்கள் கிட்டத்தட்ட இருட்டில் இருக்கின்றன. 1942 ஆகஸ்டில் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் ராயல்டி கேட்டு ரிக்கார்டிங் வேலைநிறுத்தம் தொடங்கியது. பெரிய கம்பெனிகள் பணிந்தது 1944 நவம்பரில். பீபாப் என்ற புதிய பாணி உருவானது சரியாக அந்தக் காலத்தில். போதாக்குறைக்கு அரக்குத் தட்டுப்பாடு. தட்டு செய்யத் தேவையான அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் அது வெடிமருந்துத் தொழிலுக்குத் திருப்பிவிடப்பட்டது. எனவே தனிப்பட்ட ஆர்வத்தில் வீட்டிலும் ரேடியோவிலும் பதிவு செய்தவர்களின் தட்டுகளுக்கு இன்று தங்க மதிப்பு.

பில் சேவரி அப்படி ஒருவர். நியூயார்க்கில் ஒலிப்பதிவுப் பொறியாளராக இருந்தபோது, 1930-களின் பிற்பாதியில் ரேடியோவில் வந்த கச்சேரிகளைத் தன் பொறுப்பில் தட்டுகளில் பதிவு செய்து வைத்தார். பெரிய தட்டு என்பதால் ரிக்கார்டின் மூன்று நிமிட எல்லை இல்லை. கலைஞர்கள் மூச்சுவிட்டு வாசிப்பது கேட்கும். அவரிடம் இப்படி ஒரு புதையல் இருப்பது வட்டாரத்தில் வதந்தியாகவே இருந்தது. சேவரி 2004-ல் இறந்தார். 2010-ல்தான் ஹார்லெமின் ஜாஸ் அருங்காட்சியகத்துக்கு அந்தப் பெட்டிகள் வந்துசேர்ந்தன. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான தட்டுகள். சில பூஞ்சை பிடித்தவை, சில உரிந்துபோனவை.

'சன்னி'யை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த அதே ஆப்பல்பாம் 2005-ல் இன்னொன்றைக் கண்டெடுத்திருந்தார். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா ரேடியோ 1957 நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் பதிவு செய்த டேப்புகளை டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றும் வேலை. ஒரு பெட்டியில் கையால் 'டி. மங்க்' என்று எழுதியிருந்தது. தெலோனியஸ் மங்க்கும் ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்து வாசித்த காலத்தின் பதிவுகள் அரிதிலும் அரிது. இதுவோ முழுக் கச்சேரி, துல்லியமான ஒலி. 48 வருடம் பெட்டியில் கிடந்தது அந்த வருடமே புளூ நோட் வெளியீடாக வந்தது. தொலைந்துபோனதாகச் சொல்லப்படும் பல பதிவுகள் உண்மையில் தொலையவில்லை. பெட்டியின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்த வேட்டைக்கு இந்தியாவில் ஒரு பங்கு உண்டு. பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு 1935-ல் லியான் ஆபியின் கறுப்பின இசைக்குழு வந்தது. அடுத்த வருடம் கிரிக்கெட் ஸ்மித்தின் குழு பம்பாயிலேயே ரிக்கார்டு கொடுத்தது. பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்ட் கல்கத்தாவில் தங்கி, உள்ளூர்க் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு இந்தியக் கொலம்பியாவுக்காகப் பதிவுகள் செய்து, 1945-ல் அங்கேயே காலராவில் இறந்தார். இந்தத் தட்டுகளை வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள். நரேஷ் ஃபெர்னாண்டஸ் 2012-ல் எழுதிய 'தாஜ்மகால் ஃபாக்ஸ்ட்ராட்' இந்தச் சரித்திரத்தைத் தோண்டியெடுத்த புத்தகம்.

அந்தக் குழுக்களிடம் ஜாஸ் பழகியவர்களில் முக்கியமானவர்கள் கோவாக்காரர்கள். போர்ச்சுகீசிய ஆட்சியில் தேவாலயப் பள்ளிகளில் மேற்கத்திய ஸ்வரம் படிக்கக் கற்றவர்கள். இரவில் ஓட்டலில் ஜாஸ், பகலில் இந்திப்பட ஸ்டுடியோ என்று அவர்கள் பிழைப்பு ஓடியது. 'இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்' என்று பெயரெடுத்த டிரம்பெட் கலைஞர் சிக் சாக்லேட், சி. ராமச்சந்திராவின் உதவியாளர். 1951-ல் வந்த 'அல்பேலா'வில் தன் குழுவோடு திரையிலேயே தோன்றுகிறார். செபாஸ்டியன் டிசூஸா, ஷங்கர்–ஜெய்கிஷனுக்கும் ஓ.பி. நய்யாருக்கும் இசை ஏற்பாடு செய்தவர். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் மெட்டைச் சொல்வார். எந்த வயலின் எங்கே நுழைய வேண்டும், டிரம்பெட் எதைப் பதிலாகச் சொல்ல வேண்டும், இடையிசை என்ன என்பதையெல்லாம் எழுதி முடிப்பவர் ஏற்பாட்டாளர். அந்த இடையிசைகள் பலவற்றை முணுமுணுக்காமல் அந்தப் பாட்டுகளை யாராலும் நினைக்க முடியாது. ஆனால் தட்டின் லேபிளில் இருப்பது பாடகர், படம், இசையமைப்பாளர். ஏற்பாட்டாளர் அதில் இல்லை.

இங்கே தேடுகிறவருக்கு அமெரிக்காவைவிடக் கஷ்டம் அதிகம். அங்கே மெட்டைக் காகிதத்தில் எழுதி அரசாங்கத்திடம் கொடுக்கும் ஏற்பாடாவது இருந்தது. இங்கே எழுதிய தாளுக்கு ரிக்கார்டிங் முடிந்ததும் வேலை இல்லை. அமெரிக்க ஆய்வாளர் கிரிகரி பூத் பம்பாயில் முதிய வாத்தியக்காரர்களை வீடு வீடாகத் தேடிப்போய், அவர்கள் நினைவிலிருந்ததை 2008-ல் 'பிஹைண்ட் தி கர்ட்டன்' என்ற நூலாக்கினார். மும்பையில் 1990-ல் தொடங்கிய இந்திய ரிக்கார்டு சேகரிப்பாளர் சங்கம், பழைய தட்டுகளின் விவரங்களைத் தன் பத்திரிகையில் அச்சேற்றிவந்திருக்கிறது. பெரும்பாலும் மனித ஞாபகம்தான் ஆவணம். அதுவும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வந்தது.

ஒரே ஒரு பெயர் மட்டும் வினோதமான வழியில் தப்பியது. அந்தோணி கொன்சால்வெஸ் ஜாஸ்காரர் அல்ல, வயலின் கலைஞர், ஏற்பாட்டாளர். ஆனால் அதே கோவா, அதே ஸ்டுடியோக்கள். அவரிடம் வயலின் கற்ற பியாரேலால், 1977-ல் 'அமர் அக்பர் அந்தோணி'க்கு லட்சுமிகாந்த்துடன் இசையமைத்தபோது குருவின் பெயரை ஒரு பாட்டின் பல்லவியில் வைத்துவிட்டார். முட்டைக்குள்ளிருந்து வெளிவந்து அமிதாப் பச்சன் அந்தப் பெயரைச் சொன்னதும் நாடே கூடச் சேர்ந்து பாடியது. கொன்சால்வெஸ் 2012 ஜனவரியில் கோவாவில் காலமானார். அவர் ஸ்வரம் எழுதித் தந்த ஐம்பதுகளின் படங்களைப் போட்டு, ஓடும் எழுத்துகளில் அவர் பெயரைத் தேடுகிறவர்கள் வெறும் கையோடுதான் திரும்புவார்கள்.